பண்பொழியில் ஓர் இசைவிழா

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, நம் கல்லூரி மாணவர் எழுவரோடு யாம் பண்பொழிக்குச் சென்றிருந்தோம். செங்கோட்டைக்கு வடக்கே சில கல் தொலைவில், மேற்கு மலைத்தொடரின் அடியில், வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே கிடக்கும் அவ்வூரை நம்முள் பலர் அறிவர். அறியாதாரும் திருமலைக் குமாரசுவாமி கோயிலுள்ள ஊர் என்றால் தெரிந்துகொள்வர். குன்றின்மேல் ஏற அறுநூறுக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. மோட்டார் செல்லும் பாதையும் இப்போது உண்டு. மாணவர் படிவழியே ஏறினர். வயதை மறைக்கும்பொருட்டு யாமும் அவர்கட்குப் பின்னே ஏறினோம்.

இறங்கி வந்து அடிவாரத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தாம் கொண்டுவந்திருந்த கிதாரை எடுத்து மெல்லப் பாடினார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் தாயின் விரல்களைப் பற்றிய பாட்டு அது. கத்தரிக்கோல் இலையை நறுக்கும் ஓசையையே தாளமாக வைத்து அவர் அதனைக் கட்டியிருந்தார். தென்காசி வட்டாரத்தில் எத்துணை வீடுகளில் அவ்வோசை கேட்கிறதென்பதை யாம் இங்கே விரிக்க வேண்டுவதில்லை; நம் மாணவருள் பலர் அவ்வோசையினால் வந்த கூலியில் படிக்கின்றவர்களே. பாட்டு முடிந்ததும் கடைக்காரர், "இது எந்தப் படத்துப் பாட்டு தம்பி?" என்று வினவினார். மாணவர் தலையைக் குனிந்துகொண்டு, "படத்துப் பாட்டு இல்ல அண்ணாச்சி, நானாக் கட்டுனது" என்றார். குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்பவர் போலவே அவர் சொன்னார். கடைக்காரர் சிரித்து, "பின்ன ஏம்டே களவாண்டவன் கணக்கா முணுமுணுன்னு பாடுத? நல்லா விட்டுப் பாடு" என்றார்.

தன் பாட்டைத் தன்னுடையதென்று சொல்ல ஒரு வாலிபன் ஏன் தலை குனிய வேண்டும்? இவ்வினா அன்று முதல் எம்மை விட்டு நீங்கவில்லை. விடையை வெளியே தேடுமுன் நம் இல்லத்திலேயே தேடினோம். நம் கல்லூரி ஆண்டுவிழாப் பாட்டுப் போட்டியின் அறிவிப்பை எடுத்துப் பார்த்தோம். பக்திப் பாடல் என்று ஒரு பிரிவு, நாட்டுப்புறப் பாடல் என்று ஒரு பிரிவு, திரைப்படப் பாடல் என்று ஒரு பிரிவு. சொந்தப் பாடல் என்று ஒரு பிரிவு இல்லை. அம்மாணவர் அவ்வாண்டு படப்பாட்டு ஒன்றைப் பாடி மூன்றாம் பரிசு பெற்றார். பீடிப் பாட்டு அவர் பையிலேயே இருந்தது. நடுவர் மூவருள் யாமும் ஒருவர் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

படக்கம்பெனியையோ இசைத்தட்டுக் கம்பெனியையோ சாராது, தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே வாசித்துப் பாடும் குழுவினரை 'இண்டி பாண்டு' என்று இக்காலத்து இளைஞர் வழங்குகின்றனர். இண்டி என்பது இண்டிபெண்டெண்ட் என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். பாண்டு என்ற அளவிலே, கலியாண ஊர்வலத்தில் ஊதிச் செல்லும் சிவப்புச் சட்டைக்காரர் நம் முதியோர் நினைவுக்கு வருதல் கூடும்; அவர்களும் வித்துவான்களே, எனினும் யாம் கூறவந்தது வேறு. தற்சார்பு இசைக்குழு என்று சிலர் எழுதுகின்றனர். சொந்தப்பாட்டுக் குழு என்பதே எமக்கு உவப்பாகத் தோன்றுகிறது. பெயர்தான் புதிது, பொருள் நம் நாட்டுக்குப் புதிதன்று. கோயில்கொடையில் வில்லிசை கேட்டவர் இதனை உடனே உணர்வர். நடுவே கதை சொல்லிப் பாடும் ஒருவர், குடம் அடிப்பவர், உடுக்கைக்காரர், ஜால்ராவும் கட்டையும் தட்டிப் பின்பாட்டுப் பாடுவோர்; ஊருக்கேற்றபடி கதையை வளர்த்தும் குறுக்கியும் விடிய விடியப் பாடும் இக்குழுவை வேறு என்னவென்று சொல்வது?

படப்பாட்டின்மேல் எமக்குப் பகை இல்லை. 1931-இல் காளிதாஸ் வெளிவந்த நாள் தொட்டு, தமிழ்மக்கள் தம் இன்பத்தையும் துன்பத்தையும் படப்பாட்டிலேயே ஏற்றி வைத்திருக்கின்றனர். அதனைப் பழிப்பது மக்களைப் பழிப்பதாகும். ஆயினும் அப்படப்பாட்டே எந்த நாற்றங்காலிலிருந்து வந்ததென்று பாருங்கள். 1976-இல் அன்னக்கிளியால் புகழ்பெற்ற இளையராஜா அதற்குமுன் எங்கிருந்தார்? பண்ணைபுரத்துப் பாவலர் வரதராசனாரின் குழுவில், தம்பியர் கூடி, ஊர் ஊராகப் பொதுக்கூட்ட மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடித் திரிந்தார். 1992-இல் ரோஜாவுக்கு இசையமைத்த ஏ. ஆர். ரகுமான், வாலிபத்தில் சென்னையில் தோழரோடு கூடிப் பாண்டுகளில் கீபோர்டு வாசித்தவர். சினிமா இவ்விருவரையும் உண்டாக்கவில்லை. உண்டாகி நின்றவர்களைப் பறித்து நட்டுக்கொண்டது. நாற்றங்காலை உழுது அழித்துவிட்டு நடவுக்கு நாற்று எங்கே என்று தேடுவாருண்டோ?

நம் தென்காசிச் சீமைக்கு இவ்விஷயத்தில் தனிப்பெருமை ஒன்று உண்டு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். பாட்டும் கூத்தும் ஆட்டமுமாய் அரங்கேறிய அந்நூலுக்கு, மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். பாட்டுக்கு நிலம்! இதனை மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார், காவடி தூக்கி நடப்பவர் காலடிக்கு ஏற்ற மெட்டுகளில் காவடிச்சிந்து பாடினார். வயது முதிருமுன்பே இறந்த அப்புலவருக்கு ஊற்றுமலை ஜமீன் ஆதரவளித்தது. அவர் பாட்டைப் பரப்பியவர் சபைக்காரரல்லர், கழுகுமலைக்கு நடந்துசென்றவர்.

திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், குறவஞ்சி என்னும் அதே உருவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்ததை நம் கல்லூரியிற் பயின்றார்க்கு யாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. அவரினும் இவ்விடத்திற்கு நெருங்கியவர் ஆபிரகாம் பண்டிதர். இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த இவர் தஞ்சையில் ஆசிரியராகவும் பின்னர்ச் சித்த வைத்தியராகவும் வாழ்ந்தார். மருந்து விற்று ஈட்டிய பொருளைக் கொண்டு 1912 முதல் தம் செலவிலேயே சங்கீத மாநாடுகள் கூட்டினார்; வித்துவான்களை வரவழைத்து உபசரித்தார்; சுருதிகளைப் பற்றி வாதம் நிகழ்த்தினார்; 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தம் சொந்த அச்சுக்கூடத்தில் தாமே அச்சிட்டார். எந்த மன்னரையும் எந்தக் கம்பெனியையும் அவர் காத்திருக்கவில்லை. சொந்தக் காசு, சொந்த அச்சு, சொந்த மேடை. இண்டி என்று இளைஞர் சொல்வது இதனைத்தானே? பண்டிதர் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ அறியோம். கிதாருக்குச் சுருதி சரியாய் இருக்கிறதா என்றுதான் முதலிற் கேட்டிருப்பார்.

நிற்க. இன்று இத்தகைய குழுக்கள் எங்கே பாடுகின்றன? சென்னையில் என்பதே பெரும்பாலும் விடை. 2018 ஜனவரி 6-ஆம் நாள், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் முன்னின்று கூட்டிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு கீழ்ப்பாக்கத்தில் முதற் கச்சேரி செய்தது. பறையும் கானாவும் கிதாரும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. சாதிபேதமற்றார் என்ற பொருளில் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லை ஒட்டி அக்குழு பெயர் பெற்றது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம், சபைகளின் மார்கழிக் கச்சேரிகள் நிகழும் அதே காலத்தில், மார்கழியில் மக்களிசை என்னும் விழாவைத் தொடங்கிற்று. சாவு வீட்டிலும் கொடையிலும் மட்டுமே கேட்டுவந்த கலைகள் அம்மேடையில் விளக்கொளியில் நின்றன. நாட்டார் கலைஞரும் புதுப் பாண்டுகளும் ஒருவரையொருவர் கேட்கும் இடமாக அஃது அமைந்ததே அதன் சிறப்பு.

மேற்கே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் மலையாள நாடு. திருவனந்தபுரத்து அவியல் என்னும் குழு மலையாள நாட்டுப்புறச் சொற்களை ராக் இசையில் இட்டு 2008-இல் ஓர் இசைத்தொகுதி வெளியிட்டது. அதுவரை ராக் என்றால் ஆங்கிலத்திற்றான் பாடவேண்டும் என்றிருந்த நம் தென்னாட்டு இளைஞர் பலர், தாய்மொழியிற் பாடினாலும் மேடை தாங்கும் என்று அதன்பின் துணிந்தனர். இது தமிழிசைக் கிளர்ச்சியின் கதையே மறுபடியும் நிகழ்ந்தது போலும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் தமிழிசைக்கு மாநாடு கூடிய காலத்தும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தும், தமிழில் பாடினால் கச்சேரி நிற்குமா என்றே ஐயுற்றனர். அக்கிளர்ச்சிக்குத் துணைநின்ற இரசிகமணி டி. கே. சி. பிற்காலத்தில் குற்றாலத்திலேயே தங்கி, தம் வீட்டு முற்றத்தில் நண்பரைக் கூட்டி, பாட்டின் இன்பத்தை எடுத்துக்காட்டினார் என்பதும் நம் வட்டாரத்தின் செல்வங்களுள் ஒன்று.

ஆயினும் எம் கருத்தை மிகவும் கவர்ந்தது, இந்நாட்டின் வடகிழக்கு மூலையில் நிகழும் விழாவே. அருணாசலப் பிரதேசத்து ஸீரோப் பள்ளத்தாக்கில், மலைகள் சூழ்ந்த நெல்வயல்களின் நடுவே, 2012 முதல் செப்டம்பர் இறுதியை ஒட்டி நான்கு நாள் ஓர் இசைவிழா நிகழ்ந்து வருகிறது. அவ்வூராராகிய பாபி ஹானோவும், தில்லிப் பாண்டு ஒன்றில் வாசித்துவந்த அனூப் குட்டியும் தொடங்கியது. அங்கு வாழும் அபதானி மக்கள் நெல்வயலிலேயே மீன் வளர்க்கும் நுட்பம் கைவந்தவர்கள். அவர்களே மூங்கிலால் மேடை கட்டுகின்றனர். பல மாநிலத்துச் சொந்தப்பாட்டுக் குழுக்கள் தொலைவு பாராது அங்கே சென்று பாடுகின்றன. வருபவரை ஊரார் தம் வீடுகளில் தங்கவைத்துப் பொருளும் பெறுகின்றனர். ரெயிலும் எளிதில் எட்டாத மலைமூலையில் இஃது இயலுமாயின், ரெயிலடிக்குச் சில கல் தொலைவிலுள்ள பண்பொழியில் ஏன் இயலாது?

இதுவே எம் விண்ணப்பம். பண்பொழியில் ஆண்டுதோறும் ஒரு சொந்தப்பாட்டு விழா வேண்டும்.

ஊர்ப்பெயரைப் பாருங்கள். பைம்பொழில் என்பதே பழம்பெயர். பசுஞ்சோலை என்று பொருள். நாவில் உருண்டு பண்பொழியாயிற்று. பேச்சிற் பம்புளி என்றும் வழங்குகிறது. திரிந்த வடிவமோ பண்ணைப் பொழியும் ஊர் என்று பொருள்படுமாறு தானே அமைந்துவிட்டது. இத்தகைய பெயரை வேறெந்த விழாக் கமிட்டியாரும் காசு கொடுத்தும் பெற இயலாது.

காலத்தையும் பாருங்கள். மேனாட்டார் சொல்லும் இலையுதிர் காலம் நமக்கு ஒட்டாது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குற்றாலத்துச் சாரல் ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் ஓய்கிறது. வடகிழக்கு மழை ஐப்பசியின் தொடக்கத்தில்தான் இறங்கும். இடையே புரட்டாசிக் கடைசியில் சில நாட்கள் வானம் வெளுத்து நிற்கும். அப்பொழுதுதான் கார் நெல் அறுவடை முடிந்து, பிசானத்துக்கு உழவு தொடங்காமல், வயல் வெறுந்தாளோடு கிடக்கும். இடமும் காலமும் ஒருங்கே வாய்க்கும் அப்பத்து நாட்களுள் இரண்டு மாலைகளை மட்டுமே யாம் கேட்கிறோம். சாரற் பருவத்தில் அரசினர் குற்றாலத்தில் நடத்தும் சாரல் விழா அருவிக்கு வரும் விருந்தினர்க்கு உரியது, அது நடக்கட்டும். அருவியில் நீர் குறைந்து, கடைகள் பாதி மூடி, வெளியூரார் சென்றுவிட்டபின், இங்கேயே வாழ்பவர்க்கென்று ஒரு விழா வேண்டாவா?

எப்படி நிகழ வேண்டும் என்பதிலும் எமக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. படப்பாட்டு அம்மேடையில் கூடாது. அதற்கு ஆயிரம் மேடைகள் உள. பாடுவோருள் பாதிப்பேர் இம்மாவட்டத்தாராயும் திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி மாவட்டத்தாராயும் இருக்கவேண்டும். கொல்லத்திலிருந்து கணவாய் வழியே வரும் இரும்புப்பாதை அகலப்பாதையாகி 2018 முதல் மீண்டும் ஓடுவதால், மலையாளக் குழுக்கள் வருவதும் அரிதன்று. முதல் இரவின் முதல் ஒரு மணி நேரம் வில்லிசைக்கும், இரண்டாம் இரவின் முதல் ஒரு மணி நேரம் நையாண்டி மேளத்துக்கோ கணியான் கூத்தின் மகுடத்துக்கோ உரியது. அவர்கள் பாண்டுக்கு முன்னோடிகளாகவே நிற்கவேண்டும், வரவேற்பு அலங்காரமாக அல்ல. கிதார் பிடித்த பிள்ளைகள் முன்வரிசையில் அமர்ந்து குடத்தின் அடியை எண்ணிக் கேட்கட்டும். அவர்கள் தாளத்தில் உள்ள வறுமை நீங்க அதனினும் சிறந்த பள்ளி இல்லை. (இக்காலப் பாண்டுகள் பலவற்றின் பாட்டு ஒன்றுபோலவே ஒலிக்கிறது என்று யாம் நினைப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். கேட்டவர் கோபிப்பின் கோபிக்கட்டும்.)

மேடை எங்கே என்பது நம் நாட்டிற் சிறு வினா அன்று. ஒரு தெருவில் இட்டால் மறுதெருவார் வாரார். ஒரு கோயில் வாயிலில் இட்டால் சிலர் வரத் தயங்குவர். ஆதலின் எவர் தெருவிலும் எவர் வாயிலிலும் இல்லாது, ஊர்ப்புறத்து அறுவடை வயலில், சாலையிலிருந்து எல்லாரும் ஒரே வரப்பு வழியே வரும்படி இடவேண்டும். நாற்காலி வேண்டா, இட்டால் இன்னார் நாற்காலி என்று ஆகிவிடும். பாயும் வைக்கோலும் போதும்.

மறுப்புரைகளை யாம் அறிவோம். இரைச்சல் என்பர். அஃது உண்மையான மறுப்பு, யாமும் அஞ்சுகிறோம். வடகரை, மேக்கரைப் பக்கங்களில் யானைகள் மலையிறங்கித் தென்னையைச் சாய்ப்பதை உழவர் நன்கு அறிவர். காட்டோரத்தில் இரவெல்லாம் ஒலிபெருக்கியை அலறவிடுவது யானைக்கும் தீங்கு, உழவனுக்கும் தீங்கு. ஆகவே மேடை மலைக்கு முதுகுகாட்டிக் கிழக்கு நோக்கி நிற்கவேண்டும். மலையடியை விட்டு விலகியே இருக்கவேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்கின்றன. விதிவிலக்குக் கேட்டு நிற்காது 9 மணிக்கே முடித்துவிடுவது நலம். ஊரார் உறங்கவேண்டும், மறுநாள் வேலை உண்டு. கள்ளும் சாராயமும் வந்து சேரும் என்பர். குற்றாலத்தில் பருவந்தோறும் எவரும் பாண்டு வாசிக்காமலே அவை வந்து சேர்கின்றன. இது பாட்டின் குற்றமன்று, காவலின் குறை. குப்பை சேரும் என்பாருக்கு விடை, மறுநாள் காலை துடைப்பமும் சாக்குமாக நிற்கும் நம் நாட்டு நலப்பணி மாணவர்களே. ஆனால் பாடியவர்களும் அவர்களோடு நின்று பொறுக்கவேண்டும் என்பது எம் விருப்பம்.

இது சங்கீதமா என்று கேட்பார்க்கு யாம் விடை சொல்வதற்கில்லை. காவடிச்சிந்தையும் ஒருகால் அப்படித்தான் கேட்டிருப்பர்.

பணம் என்பதே கடைசி வினா; அதில்தான் பெரும்பாலும் எல்லாம் கெடுகின்றது. இளங்குழுக்களை அழைப்பவர் வழக்கமாகச் சொல்வது, "உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தருகிறோம், வந்து பாடுங்கள்" என்பதாம். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் சமையற்காரருக்கும் முன்பணம். பாடுபவனுக்கு மட்டும் வாய்ப்பு! வாய்ப்பைக் கொண்டு கிதாருக்குத் தந்தி வாங்க இயலுமா? ஆறு குழுவை அழைத்து அரைகுறையாகக் கொடுப்பதினும், மூன்று குழுவை அழைத்து முழுக்கூலியை மேடை ஏறுமுன்னரே கொடுப்பது மேல். வில்லிசைக்காரருக்கும் பாண்டுக்காரருக்கும் ஒரே கூலி. விழாவில் ஒலிப்பதிவு செய்யும் எவரும் பாட்டுடையாரிடம் எழுத்தில் இசைவு பெறவேண்டும். பாட்டெழுதினவரும் மெட்டமைத்தவரும் பெறவேண்டிய பங்கை முற்றும் எழுதி வாங்கிக்கொள்ள இயலாதபடி 2012-இல் பதிப்புரிமைச் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது என்பதை நம் மாணவர் அறிந்துகொள்ளட்டும். நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார் என்று மேலே சொன்னோம். நம்மால் நிலம் கொடுக்க இயலாது. பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டு விருந்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கைக் கொடுத்தாலும் முதலாண்டு விழாவுக்குப் போதும் என்பது எம் கணக்கு. விருந்தில் ஓர் இனிப்புக் குறையும், அவ்வளவே.

விழாவுக்கு முன் செய்யத்தக்கது ஒன்று நம் கையிலேயே உள்ளது. ஆண்டுவிழாப் போட்டியில் சொந்தப் பாடல் என்னும் பிரிவைச் சேர்க்கக் கல்லூரித் தலைவர் அவர்கட்கும் கலைக்குழுப் பொறுப்பாளர்கட்கும் யாம் எழுதியுள்ளோம். நடுவராக யாம் அமரமாட்டோம் என்றும் எழுதியுள்ளோம். அடிவாரத்துத் தேநீர்க் கடைக்காரரை அழைக்கலாமே என்பது அரைவிளையாட்டாகவும் அரைமெய்யாகவும் எம் யோசனை.

வயலுக்குரியவரிடம் பேசாமல் ஒன்றும் நடவாது. கார் அறுவடைக்குமுன், ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், யாம் பண்பொழிக்குச் செல்வதாய் இருக்கிறோம். கிதார் மாணவர் உடன்வர இசைந்துள்ளார். இம்முறை பாட்டை விட்டுப் பாடுவதாகவும் சொல்லியிருக்கிறார். உடன்வர விரும்பும் மாணவரும் பழைய மாணவரும் ஆடி முடிவதற்குள் தமிழ்த்துறை அலுவலில் பெயர் கொடுப்பாராக. பேருந்துச் செலவு அவரவருடையது, தேநீர் எம்முடையது.